இரண்டாவது கதைக்கான இடம்: வன்னியின் இளஞ்சிறுகதையாளரும் முதற் பரிசுகளும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் புனைகதை வரலாற்றில் 1973ஆம் ஆண்டு தனித்து நிற்கிறது. முல்லைத்தீவுப் பகுதியின் தண்ணீரூற்றைச் சேர்ந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' நாவல் அந்த ஆண்டில்தான் வீரகேசரி வெளியீடாக வந்தது. இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசும் அதற்குக் கிடைத்தது. அதே ஆண்டில் பரந்தன் குமரபுரத்திலிருந்து ஓர் இளம்பெண் எழுதியனுப்பிய 'ஒரு கோபுரம் சரிகிறது' என்ற சிறுகதை இலங்கை வானொலியில் ஒலித்தது. தாமரைச்செல்வி என்ற பெயரை வாசகர் அறிந்துகொண்டது அப்படித்தான்.

ஒருவருக்கு விருது, மற்றவருக்கு முதல் அரங்கேற்றம். இரண்டும் கொண்டாடத்தக்கவை. ஆனால் அவற்றைப் பின்னாளில் பெறுமதி உடையவையாக்கியது அடுத்து நடந்ததுதான். பாலமனோகரன் 'குமாரபுரம்', 'கனவுகள் கலைந்தபோது', 'வட்டம்பூ' என்று தொடர்ந்தார். தாமரைச்செல்வியின் முதல் நாவலான 'சுமைகள்' 1977இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. அதன் பிறகு சிறுகதைத் தொகுதிகளும் நாவல்களுமாக அவர் அரைநூற்றாண்டு எழுதியிருக்கிறார். வன்னியின் வயலையும் குளத்தையும் இடம்பெயர்வையும் தமிழ் வாசகர் பலர் அவர் கதைகளின் வழியாகவே அறிந்தனர்.

முதற்கதை அச்சேறுவதும் முதற் பரிசு கிடைப்பதும் ஒருவரை எழுத்தாளர் ஆக்கிவிடுமா? வன்னியின் ஐம்பது ஆண்டு அனுபவத்தை வைத்துப் பார்த்தால் ஆக்குவதில்லை என்றே சொல்ல வேண்டும். கையெழுத்துப் பிரதியைக் கருத்தோடு வாசிக்கும் ஓர் ஆசிரியரும், இரண்டாவது மூன்றாவது கதைகளுக்குத் தயாராக இருக்கும் ஒரு பக்கமும் அமைந்த இடங்களில்தான் முதல் வெற்றி நிலைத்தது. அவை இல்லாத இடங்களில் பரிசு ஒரு சான்றிதழோடு நின்றுவிட்டது. இன்றைய வன்னியில் போட்டிகளுக்குக் குறைவில்லை. குறைவாக இருப்பது அந்த இரண்டாவது கதைக்கான இடம்.

கொழும்பிலிருந்து வந்த அங்கீகாரம்

1970களில் வன்னியிலிருந்து எழுத்தாளர் கிளம்பியது தற்செயல் அல்ல. யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைக்கும் நோக்கோடு 1930களில் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பிக் காடு வெட்டிக் கழனியாக்கியவர்களின் பிள்ளைகள் பாடசாலைகளில் படித்து வெளிவந்தார்கள். பின்னர் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்கள் வந்தன. இனவன்முறைகளால் மலையகத்திலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்களும் வந்து சேர்ந்தன. முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் தலைமுறைகளாக வாழ்ந்த பழைய குடிகள் ஏற்கெனவே இருந்தார்கள். இப்படி ஒரே நிலத்தில் பல வகை வாழ்க்கைகள் ஒன்றையொன்று உரசின. சிறுகதைக்கு அதைவிட வளமான மண் அமைவது அரிது.

கதைகள் இருந்தன. அவற்றை வெளியிடும் இடமோ வன்னிக்குள் இருக்கவில்லை. அப்போது மூன்று வாசல்கள் திறந்திருந்தன. முதலாவது, கொழும்புப் பத்திரிகைகளின் வாரமலர்கள். இரண்டாவது, இலங்கை வானொலி. 'இசையும் கதையும்' போன்ற நிகழ்ச்சிகள் ஊர்ப்புறத்து இளைஞர் யுவதிகளின் எழுத்தைக் கேட்டு வாங்கின. மூன்றாவது, யாழ்ப்பாணத்துச் சஞ்சிகைகளும் 'ஈழநாடு' பத்திரிகையும். 1970களின் தொடக்கத்தில் தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது உள்ளூர் வெளியீட்டுக்கு ஓர் உந்துதல் கிடைத்தது. வீரகேசரி நிறுவனம் மலிவு விலையில் நாவல்களை வரிசையாக வெளியிட்டது அந்தக் காலத்தில்தான். நிர்வாக அதிகாரியாக வன்னியில் பணியாற்றிய செங்கை ஆழியானின் 'காட்டாறு' 1977இல் வெளிவந்தது. முள்ளியவளையின் முல்லைமணி நாடகத்தோடு சிறுகதையும் எழுதினார்.

இந்த வாசல்கள் திறந்தது ஒரு தடவை மட்டும் அல்ல. வாரமலருக்கு வாரந்தோறும் கதை வேண்டும். வானொலிக்கும் ஓயாமல் பிரதி வேண்டும். ஒரு கதை எடுபட்டால் அடுத்ததை அனுப்பலாம். எடுபடாவிட்டாலும் அடுத்த கிழமை இன்னொன்றை அனுப்பலாம். இந்த இடைவிடாத தேவையே புதியவர்களுக்குப் பயிற்சிக்களமாக இருந்தது. தாமரைச்செல்வியின் எழுத்து வளர்ந்த சூழல் இதுதான். முதற்கதை வானொலியில் ஒலித்த நாளோடு அவருடைய பயணம் முடிந்துவிடவில்லை என்பதற்கு அவருடைய உழைப்பு ஒரு காரணம். அந்த உழைப்பைத் தொடர்ந்து ஏற்றுக்கொள்ள இடங்கள் இருந்தது மற்றொரு காரணம்.

எழுத்துக்குக் கிடைக்கும் முதற் காசுக்கும் இதில் பங்குண்டு. வானொலியும் பெரிய பத்திரிகைகளும் கொடுத்த சன்மானம் சிறிய தொகைதான். ஆனால் 'கதை எழுதி என்ன கிடைக்கும்' என்று கேட்கும் வீட்டில் அந்தத் தொகை ஒரு பதிலாக நின்றது. குறிப்பாகப் பெண்கள் விடயத்தில், எழுதுவது வெட்டிப்பொழுது அல்ல என்று குடும்பம் ஒத்துக்கொள்ள அது உதவியது. சிறு சஞ்சிகைகளால் சன்மானம் கொடுக்க முடியாத நிலை பின்னர் வழமையாகிவிட்டது. அதனால் எழுத்தைத் தொழிலாகக் காணும் கண்ணும் நம்மிடம் மங்கிப்போயிற்று.

பரிசு எதைச் செய்யும், எதைச் செய்யாது

ஈழத்துச் சிறுகதையில் பரிசுக்கு நீண்ட வரலாறு உண்டு. அ. முத்துலிங்கத்தின் 'அக்கா' தினகரன் சிறுகதைப் போட்டியில் முதற் பரிசு பெற்றது. அதே பெயரில் 1964இல் அவருடைய முதல் தொகுதி பேராசிரியர் க. கைலாசபதியின் முன்னுரையோடு வந்தது. இதைவிடச் சிறந்த தொடக்கம் ஓர் இளைஞனுக்கு அமையாது. ஆனால் அடுத்த தொகுதியான 'திகடசக்கரம்' வெளிவந்தது 1995இல். தொழிலும் வெளிநாட்டு வாழ்வும் குறுக்கிட்ட அந்த முப்பது ஆண்டு இடைவெளியைப் பரிசால் நிரப்ப முடியவில்லை. மலையகத்தின் என். எஸ். எம். இராமையா 1961இல் தினகரனில் எழுதிய 'ஒரு கூடைக் கொழுந்து' உடனே பேசப்பட்டது. அந்தக் கதையின் பெயரைத் தாங்கிய தொகுதி 1980இல்தான் நூலாயிற்று. திறமை அறியப்பட்ட பிறகும் ஒரு நூலுக்குப் பத்தொன்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இவற்றுக்கு மாறான உதாரணமும் மலையகத்திலேயே உண்டு. 1960களில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் வீரகேசரியோடு இணைந்து மலையகச் சிறுகதைப் போட்டிகளை நடத்தியது. ஒரு முறை நடத்திவிட்டு ஓய்ந்துபோகாமல் அது அடுத்தடுத்து நடத்தியது. பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுதியாக வந்தன. தெளிவத்தை ஜோசப் போன்றோர் அந்தப் போட்டிகளில் பரிசு பெற்று எழுந்தவர்கள். ஜோசப்புக்கு 2013இல் விஷ்ணுபுரம் விருது கிடைத்தபோது, அந்தப் பயணத்தின் முதற்படிகளில் அந்தப் போட்டிகளும் இருந்தன. லயத்து வாழ்க்கையை லயத்திலிருந்தே எழுத வேண்டும் என்ற நோக்கு அமைப்பாளரிடம் தெளிவாக இருந்தது. போட்டி, பத்திரிகைப் பக்கம், நூல் ஆகிய மூன்றும் ஒரே சங்கிலியாக அமைந்ததால் ஒரு பிரதேசத்தின் இலக்கியமே தலைநிமிர்ந்தது.

உலக இலக்கியமும் இதையே சொல்கிறது. 1833 ஒக்டோபரில் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரத்து வார இதழொன்று நடத்திய போட்டியில் எட்கர் அலன் போ சிறுகதைக்கான 50 டொலர் பரிசை வென்றார். அப்போது அவர் வறுமையில் இருந்தார். அந்த 50 டொலர் விரைவில் கரைந்துபோயிற்று. நிலைத்தது வேறொன்று. நடுவர்களில் ஒருவரான ஜோன் பென்டில்ட்டன் கென்னடி அந்த இளைஞரைப் பரிசோடு கைவிட்டுவிடாமல் ஒரு சஞ்சிகை உரிமையாளருக்கு அறிமுகம் செய்தார். 1835இல் போ அந்தச் சஞ்சிகையில் பணியில் சேர்ந்தார். கதை, விமர்சனம் என்று மாதந்தோறும் எழுதும் வாய்ப்பு அங்கேதான் கிடைத்தது. நடுவர் புள்ளியிட்டதோடு நிறுத்தியிருந்தால், போவுக்கு அந்தப் பரிசு ஒருநாள் மகிழ்ச்சியாகவே முடிந்திருக்கும்.

போர்க்காலத்துப் பக்கங்கள்

1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாடு இடம்பெயர்ந்தபோதும், 1996இல் பெருந்தொகையானோர் கிளாலிக் கடல் கடந்து வன்னிக்கு வந்தபோதும், சஞ்சிகைகளும் எழுத்தாளர்களும் அச்சகங்களும் அவர்களோடு வந்தன. அதுவரை வன்னிக்கு வெளியே இருந்த வெளியீட்டுக் களம் முதன்முறையாக வன்னிக்குள் அமைந்தது. விடுதலைப் புலிகளின் கலை பண்பாட்டுக் கழகம் வெளியிட்ட 'வெளிச்சம்' சஞ்சிகை, கவிஞர் கருணாகரனை ஆசிரியராகக் கொண்டு வன்னியிலிருந்து வந்தது. 'ஈழநாதம்' பத்திரிகை வந்தது. போராளிகளும் ஊர்ச்சனங்களும் அவற்றில் எழுதினர். முல்லை யேசுதாசன் போன்றோர் சிறுகதையோடு குறும்படத்துக்கும் போனார்கள்.

அந்தக் களத்துக்கு எல்லைகள் இருந்தன என்பதை மறைக்கக் கூடாது. போராட்டத்தை நடத்திய அமைப்பை உள்ளிருந்து கேள்வி கேட்கும் கதைக்கு அங்கே இடம் கிடைக்காது. கட்டாய ஆட்சேர்ப்பைத் தாயின் பக்கம் நின்று சொல்லும் கதை அச்சேற முடியாது. எழுதப்படாமலே போன கதைகளை எந்த வரலாறும் கணக்கெடுக்க முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு பயிற்சி நடந்தது என்பதும் உண்மை. பொருளாதாரத் தடையால் கடதாசி அருமையாகி, மண்ணெண்ணெய் எண்ணி எண்ணி எரிக்கப்பட்ட நாட்களில், போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பழைய அப்பியாசக் கொப்பியின் எஞ்சிய தாள்களில் கதை எழுதினார்கள். மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். அப்படிப்பட்ட சூழலிலும் எழுதியதைத் திருத்தித் தரவும் அடுத்ததைக் கேட்கவும் ஆட்கள் பக்கத்திலேயே இருந்தனர். 2002இன் போர்நிறுத்தத்துக்குப் பின் கிளிநொச்சியில் புத்தக வெளியீடுகள் பெருகியதற்கு இந்த அடித்தளமே காரணம்.

2009இல் போரின் முடிவு இந்த ஏற்பாடு முழுவதையும் அழித்தது. அச்சகங்கள் போயின, சஞ்சிகைகள் நின்றன. மாத்தளன், முள்ளிவாய்க்கால் மணலில் மனிதரையே புதைக்க நேரம் கிடைக்காதபோது கையெழுத்துப் பிரதிகளை யார் காப்பது? எழுதியவர்களில் பலர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்கள் மெனிக் பாம் முகாம்களுக்கும் தடுப்பு நிலையங்களுக்கும் போனார்கள். தமிழ் எழுத்துலகில் ஒரு தலைமுறையின் பயிற்சிப் பிரதிகள் இவ்வளவு முழுமையாக அழிந்த வேறொரு நிகழ்வைக் காண்பது கடினம்.

தமிழகத்தில் பிறந்த முதல் நூல்கள்

போரின் இறுதிக்காலத்திலிருந்து வன்னியின் முதல் நூல்கள் பெரும்பாலும் தமிழகத்தில் அச்சாயின. கிளிநொச்சியின் தீபச்செல்வனுடைய முதல் கவிதைத் தொகுதியான 'பதுங்குகுழியில் பிறந்த குழந்தை' 2008இலேயே காலச்சுவடு வெளியீடாக வந்தது. அவருடைய நாவலான 'நடுகல்' 2018இல் வந்ததும் தமிழகத்திலிருந்துதான். யோ. கர்ணனின் முதல் சிறுகதைத் தொகுதி 'தேவதைகளின் தீட்டுத்துணி' 2010இல் வடலி வெளியீடாக வந்தது. போரின் இறுதிநாட்களைப் புனைவாக்கிய தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' 2013இல் வந்தது. குணா கவியழகனின் 'நஞ்சுண்டகாடு' 2014இல் வந்தது.

இந்த நூல்கள் தமிழகத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பரவலாக வாசிக்கப்பட்டன. விவாதங்களும் எழுந்தன. வன்னியிலிருந்து எழுதியவருக்கு இவ்வளவு அகன்ற வாசகர் வட்டம் முன்பு கிடைத்ததில்லை. அது பெருமைக்குரியது. ஆனால் பதிப்பாளரும் விமர்சகரும் பரிசளிப்போரும் வெளியே இருக்கும்போது எதிர்பார்ப்பும் வெளியிலிருந்தே வருகிறது. வன்னியிலிருந்து ஒரு கதை வந்தால் அது போரின் கதையாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது. இளம் எழுத்தாளர் தம் ஊரின் காயத்தைக் காட்டினால் கவனம் கிடைக்கிறது. நுண்கடன் தவணைக்காரர் வரும் கிழமையில் ஒரு வீட்டுக்குள் நடப்பதை எழுதினால் அதே கவனம் கிடைப்பதில்லை.

போரை எழுத வேண்டாம் என்பது என் கருத்தல்ல. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டமும், அதே ஆண்டில் கேப்பாப்புலவு மக்கள் தம் காணிக்காகத் தெருவில் கிடந்ததும் இன்னும் எழுதி முடியாத கதைகள். அவற்றோடு ஆடைத்தொழிற்சாலைக்கு விடியுமுன் பஸ் ஏறும் பெண்ணும், யானை மிதித்த வயலும், மணல் அள்ளப்பட்ட ஆறும், பல்கலைக்கழகம் போய்த் திரும்பாத பிள்ளையும் வன்னியின் இன்றைய கதைகள். எதை எழுதுவது என்று முடிவுசெய்யும் உரிமை எழுதுபவருக்கே உரியது. பக்கத்திலேயே ஒரு வாசகர் வட்டமும் ஒரு சஞ்சிகையும் இருந்தால்தான் அந்த உரிமைக்கு உயிர் உண்டு.

இன்றைய போட்டிகள்

வன்னியில் ஒரு மாணவி முதன்முதலாகச் 'சிறுகதையில் பரிசு' என்று கேள்விப்படுவது பெரும்பாலும் அகில இலங்கைத் தமிழ்மொழித்தினப் போட்டியில். பாடசாலையில் தொடங்கி வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக ஏறும் போட்டி அது. பேச்சு, நாடகம், இசை நிகழ்ச்சிகளோடு எழுத்தாக்கமும் அதில் உண்டு. மண்டபத்தில் தலைப்பு தரப்படும். குறித்த நேரத்துக்குள் எழுதி முடிக்க வேண்டும். வென்றால் பாடசாலைக்குப் பெருமை. காலைப் பிரார்த்தனையில் அதிபர் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைப்பார். தேசிய நிலைவரை போய்விட்டால் வாசலில் பதாகை கட்டுவார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் படமும் வரும். தோட்டக்காணியிலும் மேசன் வேலையிலும் நாளைக் கழிக்கும் பெற்றோருக்கு அந்தப் படம் என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த மகிழ்ச்சியை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் அந்தக் கதை எங்கே? விடைத்தாள் நடுவரிடம் போனது, புள்ளி விழுந்தது, முடிவு வந்தது. பெரும்பாலும் தாள் எழுதியவரிடம் திரும்பி வருவதில்லை. கதையில் எது நன்றாக இருந்தது, எந்த இடத்தில் தளர்ந்தது என்று சொல்லும் ஒரு வரிகூட அவரை வந்தடைவதில்லை. மாகாணத்தில் முதலிடம் பெற்ற கதையைப் பக்கத்து வகுப்பு மாணவன்கூட வாசித்திருக்க மாட்டான். சட்டம் போட்ட சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. அதைப் பெற்றுத்தந்த எழுத்து காணாமல் போய்விடுகிறது. எழுதியவருக்கே தன் முதற்கதை கைவசம் இல்லாமல் போகும் கொண்டாட்டம் முழுமையான கொண்டாட்டம் ஆகாது.

பாடசாலையைத் தாண்டினால் வேறு போட்டிகள் உண்டு. பிரதேச செயலகங்களும் கலாசாரப் பேரவைகளும் இலக்கிய விழாக்களையொட்டித் திறந்த மட்டப் போட்டிகளை நடத்துகின்றன. வடமாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களம் சிறந்த நூல்களுக்குப் பரிசு வழங்குகிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து வரும் 'ஞானம்' சஞ்சிகை புலோலியூர் க. சதாசிவம் நினைவாகச் சிறுகதைப் போட்டி நடத்தி, வென்ற கதைகளை வாசகர் முன் வைத்திருக்கிறது. புலம்பெயர்ந்தோர் தம் பெற்றோர், நண்பர் நினைவாக அறிவிக்கும் போட்டிகளும் பெருகியுள்ளன. இவற்றில் பரிசுத்தொகை முன்னைவிடக் கூடுதல். ஆனால் பல போட்டிகள் ஒரு தடவையோடு நின்றுவிடுகின்றன. பரிசளிப்பு விழா முடிந்த மறுநாள் எழுதியவர் முன்பு நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

சஞ்சிகைகளின் நிலையும் கவலைக்குரியது. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை' 2012இல் நின்றது. ஈழத்தின் பல தலைமுறை எழுத்தாளர்களின் முதற்கதைகளை வாங்கி வளர்த்த சஞ்சிகை அது. அல்வாயிலிருந்து க. பரணீதரனை ஆசிரியராகக் கொண்டு 2007 முதல் வரும் 'ஜீவநதி' அந்தப் பணியைத் தளராமல் செய்கிறது. வன்னிக்கென்று மாதந்தோறும் வரும் ஓர் இலக்கியச் சஞ்சிகை நிலைபெற்றால் மட்டுமே இங்குள்ள புதியவர்களுக்கு அந்தப் பராமரிப்பு கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்.

வெளியீட்டு விழாவின் கணக்கு

ஒரு சில பரிசுகள் கிடைத்ததும் இளம் எழுத்தாளர் நினைப்பது தொகுதி போடுவதைப் பற்றித்தான். இங்கே பதிப்பாளர் பணம் கொடுத்துக் கதை வாங்கும் வழக்கம் இல்லை. எழுதியவரே அச்சகத்துக்குப் பணம் கட்டுகிறார். சில நூறு பிரதிகள் அடிக்கப்படுகின்றன. செலவை மீட்கும் வழி வெளியீட்டு விழா.

அந்த விழாவின் ஒழுங்கு எல்லோரும் அறிந்தது. மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை. பின்னர் வெளியீட்டுரை. அதன் முடிவில் நூலாசிரியர் முதற்பிரதியை ஊர்ப் பிரமுகர் ஒருவருக்கோ வர்த்தகருக்கோ வெளிநாட்டிலிருந்து வந்த உறவினருக்கோ கையளிப்பார். தொடர்ந்து சிறப்புப் பிரதிகள். பெயர்கள் ஒலிவாங்கியில் வாசிக்கப்படும்; ஒவ்வொருவராக மேடையேறி, கடித உறையை நீட்டி, புத்தகத்தை வாங்கிப் படமெடுத்து இறங்குவார்கள். உறைக்குள் இருப்பது புத்தகத்தின் விலையைவிடக் கூடுதலாகவே இருக்கும். இரவு வீட்டில் உறைகளைப் பிரித்து எண்ணும்போதுதான் அச்சுக்கூலி தேறியதா இல்லையா என்று தெரியும். இந்த ஏற்பாட்டில் ஊரின் அன்பு இருக்கிறது. கலியாண வீட்டில் மொய் எழுதுவதைப் போல, நம் பிள்ளையின் காரியம் நம் காரியம் என்ற உணர்வில் சனம் வருகிறது. வெளியீட்டுத் துறையே இல்லாத நிலத்தில் நூல்கள் வருவது இந்த அன்பால்தான்.

நயப்புரைக்கு நேரம் வரும்போது பொழுது ஏறிவிடும். பேச வந்தவர் கதைகளைப் பற்றிப் பேச எண்ணியிருப்பார். அவரிடம் 'சுருக்கமாக' என்ற துண்டு நீட்டப்படும். உறை கொடுத்து நூலை வாங்கிய பலர் அதை வாசிப்பதில்லை. மிச்சப் பிரதிகள் வீட்டு மூலையில் கட்டாகக் கிடக்கும். நூலகக் கொள்வனவு கிடைத்தால் கொஞ்சம் குறையும். இப்படித் தொகுதி வெளிவந்த பிறகும் அந்த எழுத்தாளருக்குத் தன் கதைகளைப் பற்றி ஒரு நேர்மையான கருத்து கிடைக்காமல் போகிறது. கிடைப்பது பாராட்டு. பாராட்டு இதமானது, ஆனால் அடுத்த கதையை எப்படி எழுதுவது என்று அது சொல்லித்தராது.

செய்யக்கூடியவை

இந்த நிலையை மாற்றப் பெரும் பணம் தேவையில்லை. இருக்கும் பணத்தையும் உழைப்பையும் முதற் பரிசிலிருந்து இரண்டாம் கதையை நோக்கிச் சற்றே நகர்த்தினால் போதும்.

முதலாவது, போட்டி நடத்துவோர் பரிசு பெற்ற கதைகளை அதே ஆண்டில் அச்சிட வேண்டும். பிரதேச செயலகங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் மலர்கள் ஏற்கெனவே உள்ளன. கரைச்சிப் பிரதேசத்தின் 'கரை எழில்' அவற்றுள் ஒன்று. அதிகாரிகளின் வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் சிலவற்றை இளையோரின் கதைகளுக்குக் கொடுத்தால், மாணவி ஒருத்தியின் கதை அவளுடைய ஊரிலேயே வாசிக்கப்படும். 'நூலகம்' என்ற பெயரில் இயங்குவது போன்ற எண்ணிம நூலகத்தில் அந்த மலர் சேர்ந்தால் அது அழியாமலும் இருக்கும். ஒருமுறை எல்லாவற்றையும் மணலில் இழந்த மக்களுக்கு இதன் அவசியம் புரியும்.

இரண்டாவது, நடுவர்கள் எழுதித் தர வேண்டும். இறுதிச் சுற்றுக்கு வந்த ஒவ்வொரு கதைக்கும் ஐந்தாறு வரி போதும். வன்னியின் பாடசாலைகளிலும் கல்வி அலுவலகங்களிலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் இதைச் செய்யக்கூடிய தமிழாசிரியர்களும் எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். பரிசு பெறாதவருக்கு இந்த வரிகள் பரிசைவிடப் பெரிதாக இருக்கும்.

மூன்றாவது, தமிழகத்தின் இலக்கியச் சிந்தனை அமைப்பு 1970 முதல் பின்பற்றிய முறையை நாம் இங்கே எடுத்துக்கொள்ளலாம். அந்த அமைப்பு மாதந்தோறும் சஞ்சிகைகளில் வெளியான கதைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்து, ஆண்டு முடிவில் பன்னிரண்டு கதைகளையும் நூலாக்கியது. தலைப்புக் கொடுத்துக் கதை எழுதுவிக்கும் வழி அல்ல அது. எழுத்தாளர் தாமே விரும்பி எழுதியதை வாசித்துக் கௌரவிக்கும் வழி. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா நூலகங்களில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டங்கள் இதை எளிதாகச் செய்யலாம்.

நான்காவது வேண்டுகோள் புலம்பெயர் உறவுகளுக்கு. ஒரு போட்டியின் முதற் பரிசுக்கு ஒதுக்கும் பெருந்தொகையை, வன்னிச் சஞ்சிகை ஒன்றில் ஆண்டு முழுவதும் வெளியாகும் கதைகளுக்குச் சிறு சன்மானமாகப் பிரித்துக் கொடுங்கள். ஒருவருடைய ஒருநாள் வெற்றியாக முடியும் பணம், பலருடைய ஓராண்டு எழுத்தைத் தாங்கும். நினைவுகூரப்படுபவரின் பெயரும் மாதந்தோறும் அச்சில் வரும்.

1973இல் குமரபுரத்திலிருந்து தபாலில் போன ஒரு கதைக்குக் கொழும்பில் ஒரு காது இருந்தது. அந்தக் காது அடுத்த கதைக்கும் அதற்கடுத்த கதைக்கும் திறந்திருந்ததால் வன்னிக்கு ஒரு தாமரைச்செல்வி கிடைத்தார். இன்று போட்டி மண்டபத்தில் தலைப்பைப் பார்த்துப் பேனையை எடுக்கும் பிள்ளைகளில் அத்தகைய எழுத்தாளர் இருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பிள்ளை மேடையிலிருந்து சான்றிதழோடு இறங்கும்போது அருகில் ஒருவர் நின்று, "அடுத்ததாக என்ன எழுதுகிறாய், எப்போது தருவாய்?" என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்பவர்களை வன்னியிலேயே உருவாக்குவது ஆசிரியர்களும் நூலகர்களும் சஞ்சிகை ஆசிரியர்களும் மூத்த எழுத்தாளர்களும் இன்றே தொடங்கக்கூடிய வேலை.